அடுக்குமாடிச் சம்ப்பின் நீரை உப்பும் மின்சாரமும் கொண்டு கிருமிநீக்கம் செய்தல்: முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் காவேரி நீர், போர்வெல், டேங்கர் ஆகிய மூன்றும் ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) வந்து கலக்கும், இருபது முதல் அறுபது வீடுகள் கொண்ட குடியிருப்புகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உப்புக்கரைசலை மின்பகுத்து, அதாவது அதில் மின்சாரம் பாய்ச்சி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலைத் தயாரித்து, அதை அளந்து சம்ப்பில் கலப்பதே இங்கே விளக்கப்படும் முறை. பிளம்பர்களும் வாட்ச்மேன்களும் ‘ஹைப்போ’ என்றே சொல்வதால் நானும் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கருவியை முதலில் வாங்கிவிட்டுத் தண்ணீரைக் கடைசியில் சோதிக்கிறார்கள். இந்த வேலையில் மின்பகுப்பு எளிய பகுதி. முன்னும் பின்னும் செய்ய வேண்டிய அளவீடுகளே உண்மையான உழைப்பு. கீழே உள்ள வரிசையை மாற்றினால் எங்கேயாவது ஓரிடத்தில் கணக்கு உதைக்கும்.

1. எந்த மின்வேதி முறை, ஏன்

ஓடும் தண்ணீருக்குள்ளேயே மின்தகடுகளை வைத்து, அதில் இயல்பாக உள்ள குளோரைடிலிருந்து குளோரினை உண்டாக்கும் கருவிகளும் விற்கின்றன. உப்பு வேண்டாம் என்பதால் பலருக்கு அவை கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் காவேரி நீரில் குளோரைடு குறைவு. மின்சாரத்தின் பெரும்பகுதி ஆக்ஸிஜனை உண்டாக்குவதிலேயே போய்விடும். போர்வெல் நீரில் குளோரைடு கூடுதலாக இருந்தாலும் கடினத்தன்மையும் சேர்ந்தே இருப்பதால் எதிர்மின்முனையில் சுண்ணாம்புப் படிவு விரைவில் ஏறிவிடும். இரண்டும் நாளுக்கு நாள் வெவ்வேறு விகிதத்தில் கலக்கும் சம்ப்பில், அந்தக் கருவி இன்று எவ்வளவு குளோரின் தரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தனித் தொட்டியில் உப்புக்கரைசலை மின்பகுத்து, கிடைத்த ஹைப்போவின் வலிமையை அளந்து, தேவையான அளவு மட்டும் கலக்கும்போது இந்தத் தடுமாற்றம் இல்லை. கடையில் விற்கும் 10 முதல் 12 சதவீத ஹைப்போவை வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அது வெயிலிலும் நாள்பட வைப்பதாலும் வலிமை இழக்கும், கேன் எத்தனை நாள் கிடங்கில் இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. நாமே தயாரிக்கும் 0.6 சதவீதக் கரைசல் அதைவிட மெதுவாகவே சிதையும், கையாளவும் ஆபத்து குறைவு.

இந்த முறை எதைச் செய்யாது என்பதையும் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மை, டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) எதுவும் இதனால் குறையாது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் இந்த அளவுக் குளோரினுக்கு அசையா. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் குடிக்கும் நீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்தக் கூடாது.

2. கருவிக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

காவேரி, போர்வெல், டேங்கர் மூன்றையும் தனித்தனியே மாதிரி எடுத்து, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். சம்ப்பில் கலந்த நீரை மட்டும் கொடுத்தால் எந்த மூலத்தில் சிக்கல் என்பது தெரியாமல் போகும். கலங்கல், பிஎச், இரும்பு, மாங்கனீசு, அம்மோனியா, நைட்ரேட், கடினத்தன்மை, ஈகோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கலங்கல் 1 என்டியூவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருப்பது நல்லது. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையின் ஏற்கத்தக்க அளவும் அதுவே. மண்துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் தொட முடியாது. மழைக்காலத்தில் டேங்கர் நீர் செம்மண் நிறத்தில் வந்தால் மணல் வடிகட்டியைத் தாண்டிய பிறகே ஹைப்போ சேர்க்க வேண்டும்.

பிஎச் அளவைப் பலர் வெறும் எண்ணாகப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். கிருமியை விரைந்து கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5 அளவில் குளோரினில் ஏறக்குறைய பாதி இந்த வடிவில் இருக்கும், 8.5 ஆகும்போது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே காரத்தன்மை மிகுந்த போர்வெல் நீருக்கு அதே அளவுக் குளோரினோடு கூடுதல் நேரமும் தேவைப்படுகிறது.

இரும்பும் அம்மோனியாவும் குளோரினைத் தின்றுவிடும். 1 மில்லிகிராம் இரும்பு சுமார் 0.64 மில்லிகிராம் குளோரினைச் செலவழிக்கும், நீரும் பழுப்பாகும். அம்மோனியாவோ அதன் நைட்ரஜன் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு குளோரினைக் கேட்கும். அம்மோனியா தென்பட்டால் ஹைப்போவின் அளவைக் கூட்டுவதற்கு முன், கழிவுநீர் எங்கிருந்து கசிகிறது என்று தேடுங்கள்.

சம்ப்பை இறைத்துச் சேற்றை அள்ளிக் கழுவும் வேலையையும் இதே கட்டத்தில் முடித்துவிடுங்கள். அடியில் ஒரு சாண் சேறு கிடக்கும் சம்ப்பில் ஊற்றும் ஹைப்போ, அந்தச் சேற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

3. வாங்க வேண்டியவை

முதன்மையானது மின்பகுப்புக் கலம். நேர்மின்முனை, ருத்தேனியம் அல்லது இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடாக இருக்க வேண்டும்; எதிர்மின்முனை பூச்சில்லாத டைட்டானியமாக இருக்கலாம். ஸ்டீல் கரண்டியும் பழைய சார்ஜரும் கொண்டு ஹைப்போ தயாரிக்கும் காணொளிகளை நம்பாதீர்கள். நேர்மின்முனையாக வைக்கும் ஸ்டீல் கரைந்து, இரும்போடு நிக்கலையும் குரோமியத்தையும் நீரில் விடும். கிராஃபைட் தண்டு நச்சில்லை என்றாலும் தேய்ந்து கரிப்பொடியைக் கக்கும்.

வீட்டு வாசலில் ஆர்ஓ விற்க வருபவர் இரண்டு கம்பிகளைக் குழாய் நீரில் விட்டு, அது பழுப்பாகிக் கசடு திரளுவதைக் காட்டி, ‘நீங்கள் குடிப்பது இதைத்தான்’ என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. ஆர்ஓ நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது, நீரும் தெளிவாகவே இருக்கும். தவறான உலோகத்தை நேர்மின்முனையாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் இலவசமாகப் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்.

அடுத்தது நேர்மின்சாரம் தரும் மின்வழங்கி. ஒற்றைக் கலத்துக்கு 4 முதல் 6 வோல்ட் போதும். 25 முதல் 30 ஆம்பியர் தர வேண்டும். மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் வசதியும், வோல்ட், ஆம்பியர் இரண்டையும் காட்டும் திரையும் உள்ளதையே எஸ்பி ரோடு மின்னணுப் பொருள் கடைகளில் கேட்டு வாங்குங்கள். கைபேசி சார்ஜர் வகையறா இதற்குத் தாங்காது.

மற்றவை: மூடியுள்ள 25 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒளி புகாத கேன்கள், கிராம் காட்டும் தராசு, அளவுருளை, பிப்பெட், டிபிடி குளோரின் சோதனைப் பெட்டி (குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்குவது), தயோசல்பேட் டைட்ரேஷனுக்கான (சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு வலிமையை அளப்பதற்கான) பொருட்கள், ரப்பர் கையுறை, கண்ணாடி. ஆர்தோடாலிடின் சேர்த்து மஞ்சள் நிறம் பார்க்கும் பழைய பெட்டி கிடைத்தால் தவிர்த்துவிடுங்கள். அந்த வேதிப்பொருள் உடல்நலத்துக்கு உகந்ததல்ல. கட்டற்ற குளோரினையும் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினையும் அது பிரித்துக் காட்டுவதும் இல்லை.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சமையலறை அயோடின் உப்பும் வேண்டாம், கடல் கல்லுப்பும் வேண்டாம். முன்னதில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களும் உள்ளன. பின்னதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தகட்டில் படியும். அதிலுள்ள புரோமைடு மின்பகுப்பில் புரோமேட்டாக மாறும். குடிநீரில் புரோமேட் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வாட்டர் சாஃப்ட்னருக்காக விற்கும் உயர்தூய்மை உப்பே ஏற்றது. மூட்டையில் தூய்மைச் சதவீதம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

4. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மோட்டார் அறையில் ஏற்கெனவே மின் இணைப்பு இருப்பதால் எல்லோரும் கலத்தை அங்கேதான் வைக்கிறார்கள். அது தவறான இடம். மின்பகுப்பின்போது எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. 20 லிட்டர்க் கரைசலை ஒரு முறை மின்பகுத்து முடிக்கும்போது ஏறத்தாழ 70 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவந்திருக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும்; அந்த 70 லிட்டர் ஒன்றே முக்கால் கனமீட்டர் உள்ள மூடிய அலமாரியை அந்த நிலைக்குக் கொண்டுபோகப் போதும். மோட்டார் பேனலில் உள்ள கான்டாக்டர் என்னும் சுவிட்சோ பொறி தெறிப்பதையே தொழிலாகக் கொண்டது.

ஆகவே திறந்த மொட்டைமாடி, கூரையுள்ள நடைபாதை போன்ற காற்றோட்டமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அறைக்குள்தான் வைக்க வேண்டும் என்றால், ஹைட்ரஜன் மேலெழும் வாயு என்பதால், தொட்டி மூடியின் துளையிலிருந்து ஒரு குழாயை உயரே வெளியே கொண்டுபோய் விடுங்கள். சன்னலின் கீழ்ப்பாதி மட்டும் திறந்திருந்தால் கூரையடியில் வாயு தேங்கும். குளோரின் ஆவி மின் இணைப்புகளை அரிக்கும் என்பதால் மின்வழங்கியைத் தொட்டியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, தொட்டியைவிட உயரத்தில் வையுங்கள். 230 வோல்ட் இணைப்பில் கசிவுமின் துண்டிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும்.

5. உப்புக்கரைசல்

20 லிட்டர் நீருக்கு 500 கிராம் உப்பு, அதாவது லிட்டருக்கு 25 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். ‘இரண்டு கைப்பிடி’ என்று தொடங்கினால் அடுத்த ஆள் வேறு கையால் போடுவார். உப்பு குறைந்தால் மின்னோட்டம் ஏறாது, கலம் சூடாகும். கூடினால் மாறாத உப்பு வீணாகச் சம்ப்புக்குள் போகும், அவ்வளவே.

கரைக்கும் நீர் மென்மையானதாக இருக்க வேண்டும். காவேரி நீரோ ஆர்ஓ நீரோ போதும். போர்வெல் நீரில் கரைத்தால் அதன் கால்சியம் முழுவதும் தகட்டில்தான் ஏறும். முழுமையாகக் கரைந்தபின் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கரையாத உப்புப் பரல் இரண்டு தகடுகளுக்கும் இடையே சிக்கினால் அந்த இடத்தில் பூச்சு பழுதாகும்.

6. மின்பகுப்பு

முதலில் தகடுகளை இணைத்துக் கரைசலில் இறக்கி, அதன் பிறகே மின்சாரத்தைப் போடுங்கள். சிவப்புக் கம்பி பூச்சுள்ள கருநிறத் தகட்டுக்கும், கறுப்புக் கம்பி வெள்ளி நிறத் தகட்டுக்கும் போக வேண்டும். மாற்றி இணைத்தால் வெறும் டைட்டானியத்தின் மேல் ஆக்சைடுப் படலம் வளர்ந்து மின்னோட்டம் படுத்துவிடும், விலையுயர்ந்த பூச்சும் கெடும்.

சரியாக இணைத்திருக்கிறோமா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். மின்சாரம் போட்ட சில நொடிகளில் வெள்ளி நிறத் தகட்டிலிருந்து பால் போல் வெண்மையான நுண்குமிழிகள் திரளாக எழும். கருநிறத் தகட்டில் குமிழி மிகக் குறைவாக இருக்கும். கருந்தகடு பொங்கிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திக் கம்பிகளைச் சரிபாருங்கள்.

மின்னோட்டத்தை 25 ஆம்பியரில் நிறுத்துங்கள். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் கணக்குப்படி 1.32 கிராம் குளோரின் உண்டாக வேண்டும். நடைமுறையில் அதில் 60 சதவீதம், அதாவது 0.8 கிராம் கிடைத்தால் நல்ல கலம். லிட்டருக்கு 6 கிராம் வீதம் 20 லிட்டருக்கு 120 கிராம் குளோரின் வேண்டும். 120-ஐ 0.8-ஆல் வகுத்தால் 150 ஆம்பியர்-மணி. 25 ஆம்பியரில் ஆறு மணி நேரம். மின்வழங்கியின் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும்.

இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் இன்னும் வலிமை கூடும் என்று நினைப்பது இயல்பான தவறு. ஹைப்போ செறிவாகச் செறிவாக அதுவே தகடுகளில் சிதையத் தொடங்குவதால், மின்சாரம்தான் வீணாகும், குளோரேட் என்னும் வேண்டாத பொருளும் கூடும். கரைசல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் இதே விளைவுதான். மார்ச், ஏப்ரல் மாத நண்பகலில் ஓட்டாமல் இரவிலோ அதிகாலையிலோ ஓட்டுங்கள். முடிந்ததும் மின்சாரத்தை அணைத்த பிறகே தகடுகளைத் தூக்குங்கள்; மின்சாரம் பாயும்போது தூக்கினால் பொறி தெறிக்கும், அங்கே ஹைட்ரஜன் இருக்கிறது.

7. வலிமையை அளத்தல்

ஆறு மணி நேரம் ஓடியதால் 6 கிராம் இருக்கும் என்று எழுதிவைத்துக்கொள்வது அளவீடு ஆகாது. ஒவ்வொரு தயாரிப்பையும் டைட்ரேஷன் செய்து பாருங்கள். பிளஸ் டூ வேதியியல் படித்தவர் யாரும் செய்துவிடலாம்.

கூம்புக் குடுவையில் 50 மில்லி ஆர்ஓ நீர் எடுத்து, 5 மில்லி ஹைப்போவைச் சேருங்கள். அதில் ஒரு கிராம் பொட்டாசியம் அயோடைடு போட்டுக் கரைத்து, அதன் பின்னரே 5 மில்லி அசிட்டிக் அமிலம் ஊற்றுங்கள். அமிலத்தை முதலில் ஊற்றினால் குளோரின் வாயுவாக வெளியேறி, மூக்கும் எரியும், கணக்கும் குறையும். நீர் செம்பழுப்பாகும். 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் கரைசல் சில துளிகள் சேருங்கள்; கருநீலம் தோன்றும். அது மறையும் துளியில் நிறுத்துங்கள். செலவான மில்லியை 0.709-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் குளோரின் என்பது கிடைக்கும். 8.5 மில்லி செலவானால் 6.0 கிராம்.

கேனில் தேதியையும் இந்த எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். நிழலில், இரும்பும் செம்பும் தொடாத கேனில், மூடியை இறுக்கித் திருகாமல் வையுங்கள். ஹைப்போ சிதையும்போது வெளிவரும் வாயு போக வழி வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்ததை மறுபடி அளக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

8. தண்ணீர் எவ்வளவு கேட்கிறது

10 மில்லி ஹைப்போவை ஆர்ஓ நீர் சேர்த்து 60 மில்லியாக்குங்கள். 6 கிராம் வலிமையுள்ளதாக இருந்தால் இது லிட்டருக்கு 1 கிராம் ஆகிவிடும். இதில் 1 மில்லியை ஒரு லிட்டர் நீரில் விட்டால் 1 மில்லிகிராம் அளவு. ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் சம்ப் நீரை நிரப்பி, 1, 2, 3, 4, 5 மில்லி என்று சேர்த்து, மூடிக் குலுக்கி, இருட்டான இடத்தில் 30 நிமிடம் வைத்து, ஒவ்வொன்றிலும் எஞ்சிய கட்டற்ற குளோரினை டிபிடி கொண்டு பாருங்கள். பாட்டில்களை முந்தைய நாளே குளோரின் நீரில் ஊறவைத்து அலசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலின் அழுக்கு கேட்கும் குளோரினும் தண்ணீரின் கணக்கில் ஏறும்.

எந்தக் குறைந்த அளவில் 0.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் எஞ்சுகிறதோ அதுவே தொடக்க அளவு. காவேரி நீரில் குடிநீர் வாரியம் சேர்த்த குளோரின் ஏற்கெனவே ஓரளவு இருக்கக்கூடும் என்பதால் அதற்குத் தேவை குறையும்; டேங்கர் நீர் ஒவ்வொரு லோடும் ஒரு குணம். டேங்கர் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். குறைந்தது 2 மில்லிகிராம் பாட்டிலை மட்டுமாவது செய்யச் சொல்லுங்கள்.

9. சம்ப்பில் கலத்தல்

சம்ப்பின் கொள்ளளவை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். இப்போது இருக்கும் நீரின் ஆழத்தை மூங்கில் கழியால் அளந்து கணக்கிடுங்கள். 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீர்மட்டம் என்றால் 20,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் தேவை என்றால் 40 கிராம் குளோரின். 6 கிராம் வலிமையுள்ள ஹைப்போவில் அது 6.7 லிட்டர். இதே கணக்கில் 500 கிராம் உப்பில் தயாரித்த 20 லிட்டர் ஹைப்போ 60,000 லிட்டர் நீருக்குப் போதும்.

எங்கே ஊற்றுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மூடியைத் திறந்ததும் காலடியில் ஊற்றுவார்கள். பெரும்பாலான சம்ப்களில் அந்த மூடிக்குக் கீழேதான் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் இருக்கும். முதல் பத்து நிமிடம் மேல்தொட்டிக்குக் கடும் நெடியுள்ள நீரும், அதன் பின் குளோரினே இல்லாத நீரும் போகும். நீர் வந்து விழும் வாய்க்கருகே, நீர் விழுந்துகொண்டிருக்கும்போதே மெதுவாக ஊற்றுங்கள். விழும் நீரே கலக்கிவிடும். மோட்டாரை 30 நிமிடம் போடக் கூடாது. பிஎச் 8-ஐத் தாண்டிய நீராக இருந்தால் ஒரு மணி நேரமாவது வையுங்கள்.

நாள் முழுவதும் நீர் வந்து போய்க்கொண்டே இருக்கும் பெரிய குடியிருப்பில் கையால் ஊற்றுவது சரிப்படாது. மோட்டார் ஓடும்போது மட்டும் ஓடும்படி ஒரு சிறு டோசிங் பம்பை அதன் ஸ்டார்ட்டரோடு இணைத்து, மேலேறும் குழாயில் ஹைப்போவைச் செலுத்துங்கள். அப்போது காத்திருப்பு நேரத்தை மேல்தொட்டி தர வேண்டும் என்பதால், அது பாதிக்கும் கீழே போகாதபடி மிதவையைச் சரிசெய்ய வேண்டும்.

10. கடைசிக் குழாயில் அளத்தல்

சம்ப்பில் அளந்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். மேல்தொட்டியிலிருந்து மிக நீண்ட குழாய்த்தொடரின் முடிவில் உள்ள வீட்டின் சமையலறைக் குழாயே உங்கள் அளவிடும் இடம். பெரும்பாலும் அது தரைத்தளத்தின் கோடி வீடாக இருக்கும். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஆர்ஓ கருவிக்கு முன்னால் மாதிரி எடுங்கள். அதன் கரி வடிகட்டி குளோரினை நீக்கிவிடும் என்பதால், கருவிக்குப் பின் எடுத்த மாதிரி எதையும் சொல்லாது.

ஐஎஸ் 10500 தரநிலைப்படி எஞ்சிய கட்டற்ற குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் பரவும் அச்சம் உள்ளபோது 0.5. அன்றாடத்துக்கு 0.2 முதல் 0.5 வரை போதும். 1 மில்லிகிராமை நெருங்கினால் நெடியைப் பற்றிய குறைகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரிசைகட்டும்.

டிபிடி சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் ஒரு கணம் மின்னிவிட்டு அப்படியே வெளுத்துப்போகும். பார்ப்பவருக்குக் குளோரினே இல்லாதது போலத் தோன்றும். ‘அண்ணா, நிறமே வரலை, இன்னும் ரெண்டு லிட்டர் ஊத்தட்டுமா?’ என்று சம்ப்பருகே நின்று கேட்ட இளைஞரின் கையிலிருந்த சோதனைக்குழாயை வாங்கி முகர்ந்தால், நீச்சல்குள நெடி அடித்தது. நிறம் வராதபோது, மாதிரியை ஆர்ஓ நீரில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள். அப்போதும் நிறம் வராவிட்டால்தான் உண்மையிலேயே குளோரின் இல்லை.

ஒரு வாரம் தொடர்ந்து அளவு நிலையாக நின்றபின் நுண்ணுயிர் சோதனைக்கு மாதிரி அனுப்புங்கள். 100 மில்லியில் ஈகோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆய்வகம் தரும், குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இட்ட பாட்டிலிலேயே மாதிரி எடுங்கள். வீட்டு பாட்டிலில் எடுத்தால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை அதிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும். குழாயில் இருந்த நிலை அறிக்கையில் வராது.

11. தகடுகளைப் பேணுதல்

அதே உப்பு, அதே மின்னோட்டம் இருந்தும் வோல்ட் நாளுக்கு நாள் ஏறினால் எதிர்மின்முனையில் படிவு ஏறியிருக்கிறது என்று பொருள். வெளிறிய சாம்பல் நிறத்தில் பொருக்குப் போலத் தெரியும். கம்பிப் பிரஷ்ஷோ உப்புத்தாளோ போட்டுத் தேய்க்காதீர்கள். பக்கத்துத் தகட்டின் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு பங்கை ஐந்து பங்கு நீரில் மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. தகடுகளை மின்சாரம் இல்லாமல் அதில் குமிழி நிற்கும்வரை, ஏறத்தாழ கால் மணி நேரம், ஊறவைத்து நன்றாக அலசுங்கள். ஊறவைப்பதற்கு முன்னும் அலச வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தகட்டில் ஒட்டியிருக்கும் ஹைப்போவும் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். அமிலக் கேனையும் ஹைப்போக் கேனையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே மக்கால் மொள்ளாதீர்கள். கழுவிய பின்னும் வோல்ட் இறங்கவில்லை என்றால் பூச்சு தேய்ந்துவிட்டது. புதுத் தகடு வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

12. குளோரின் திடீரென மறைந்தால்

நேற்றுவரை 2 மில்லிகிராமில் நிறைவு கண்ட சம்ப், இன்று 5 போட்டும் கடைசிக் குழாயில் ஒன்றும் காட்டவில்லை என்றால், ஹைப்போவை மறுபடி டைட்ரேஷன் செய்து பாருங்கள். வலிமை சரியாக இருந்தால் குற்றம் தண்ணீரில் இருக்கிறது. டிபிடி பெட்டியின் எண் 1 மாத்திரையில் நிறம் வராமல், எண் 3 மாத்திரையைச் சேர்த்ததும் நிறம் ஏறினால், குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. கழிவுநீர் கலந்திருக்கலாம். நம் ஊரில் பல அடுக்குமாடிகளில் சம்ப்பும் எஸ்டிபியும் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும்) ஒரே அடித்தளத்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு கட்டப்பட்டிருக்கின்றன. சுவர் விரிசலையும், குழாய் சுவரை ஊடுருவும் இடங்களையும் முதலில் பாருங்கள். அளவைக் கூட்டிச் சமாளிக்க முயலாமல் சம்ப்பை மூடிவிட்டு, குடிநீருக்கு வேறு ஏற்பாடு செய்யச் சொல்லி எல்லா வீடுகளுக்கும் தெரிவியுங்கள்.

கசிவை அடைத்து, சம்ப்பை இறைத்துக் கழுவிய பின் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் குளோரின் கலந்த நீரை நிரப்பி ஓரிரவு வைக்க வேண்டும். 20,000 லிட்டருக்கு அது ஒரு கிலோ குளோரின். உங்கள் கலம் அதைத் தர எட்டு முறைக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள்; 33 சதவீதம் உள்ள புதிய பவுடர் மூன்று கிலோ போதும். வாளி நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மறுநாள் வெளியேற்றும் அந்த நீரை எஸ்டிபிக்குள் விட்டால் அங்கே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மடிந்துபோகும், தோட்டத்தில் விட்டால் செடிகள் கருகும். தயோசல்பேட் சேர்த்து, டிபிடியில் நிறம் வரவில்லை என்பதை நீர்த்தும் பார்த்து உறுதிசெய்த பிறகு மழைநீர் வடிகாலில் விடுங்கள்.